வக்கீல் லிங்கனின் கடிதங்கள்: புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

1856 பிப்ரவரி 21ஆம் தேதி, இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு வக்கீல், குவின்சி நகரத்துக் கட்சிக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு ஹோட்டல் கட்டடத்துக்கான குத்தகைப் பத்திரம் எழுதித் தந்ததற்குக் கட்சிக்காரர் 25 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். வக்கீலின் பதில் நாலைந்து வரிதான். என்னை அதிகக் கட்டணக்காரன் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பணத்தைத் தாராளமாக இறைக்கிறீர்கள், இந்த வேலைக்கு 15 டாலர் போதும், ரசீது இத்துடன் இருக்கிறது, 10 டாலர் நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கீழே கையெழுத்து: ஏ. லிங்கன்.

ஆபிரகாம் லிங்கனின் கடிதங்களுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. 1861இல் அவர் ஜனாதிபதியானார். அதற்கு முன் ஏறக்குறைய 25 ஆண்டுகள் வக்கீல் தொழில் செய்தார், நான்கு முறை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்தக் காலத்துக் கடிதங்களை வாசிக்கும்போது பின்னால் வரப்போகும் ஜனாதிபதியை மறந்துவிடுங்கள். அவற்றை எழுதியவருக்கு அந்த எதிர்காலம் தெரியாது. கடன் வழக்கு, நிலப் பத்திரம், தேர்தல் கணக்கு, நண்பனின் கல்யாணம், உறவினருக்குப் பணம் என்று வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. அப்படியே வாசித்தால்தான் மனிதர் தெரிவார்.

முதலில் காலவரிசை

ஒரு துண்டுத் தாளில் சில ஆண்டுகளை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1831இல் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வருகிறார். 1833 முதல் 1836 வரை அவ்வூரின் போஸ்ட்மாஸ்டர். கூடவே நில அளவையாளர் வேலை. 1834இல் சட்டமன்ற உறுப்பினராகிறார். 1836, 1838, 1840 தேர்தல்களிலும் வெற்றி. 1836இல் வக்கீலாகத் தொழில் செய்ய அனுமதி கிடைக்கிறது, 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறுகிறார். தொழில் கூட்டாளிகள் மூவர்: 1841 வரை ஜான் ஸ்டூவர்ட், 1844 வரை ஸ்டீஃபன் லோகன், அதன்பின் வில்லியம் ஹெர்ன்டன். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை வாஷிங்டனில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர். 1842 நவம்பரில் மேரி டாடுடன் திருமணம்.

இந்தத் தாள் இல்லாமல் வாசித்தால் குழப்பம் வரும். 1836இல் எழுதிய கடிதத்தில் வாண்டேலியா என்று ஊர்ப்பெயர் இருந்தால் அவர் சட்டமன்றக் கூட்டத்தில் இருக்கிறார் என்று பொருள்; அப்போது மாநிலத் தலைநகரம் அதுதான். தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறியது 1839இல். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வேறு வேறு ஊர்களின் பெயர்கள் வந்தால், எட்டாவது நீதி வட்டாரத்தில் நீதிபதியோடும் மற்ற வக்கீல்களோடும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்தில் அந்த வட்டாரத்தில் 14 கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்றவை) இருந்தன. வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமுடியாது. கடிதங்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் காத்துக்கிடக்கும்.

எங்கே கிடைக்கும்

அச்சில் அடிப்படையானது, ராய் பேஸ்லர் பதிப்பாசிரியராக இருந்து 1953–55இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட எட்டுத் தொகுதிகளும் ஒரு பெயரடைவும். மிச்சிகன் பல்கலைக்கழகம் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நமக்கு வேண்டியவை முதல் இரண்டு தொகுதிகள். இந்தப் பதிப்பில் லிங்கன் எழுதியவைதான் இருக்கும். அவருக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் இராது. இரு பக்கமும் வேண்டுமானால், ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள லிங்கன் ஜனாதிபதி நூலகம் நடத்தும் லிங்கன் ஆவணங்கள் திட்டத்தின் மின்னூலகத்துக்குப் போங்கள். வந்தவையும் போனவையும் அங்கே குறிப்புகளோடு உள்ளன. வழக்குகளுக்குத் தனியாக ஒரு தரவுத்தளம் உண்டு: 5,000க்கும் மேற்பட்ட வழக்குகள், பெரும்பாலும் கடன் விவகாரங்கள். கடிதத்தில் ஒரு கட்சிக்காரரின் பெயர் வந்தால் அங்கே தேடுங்கள். வழக்கு என்ன ஆயிற்று என்று பல நேரங்களில் தெரிந்துவிடும்.

மூன்றாவது இடம் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம். லிங்கனின் மூத்த மகன் ராபர்ட் தன்னிடமிருந்த தந்தையின் தாள்களை அங்கே ஒப்படைத்தபோது, தான் இறந்து 21 ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் இறந்தது 1926 ஜூலை 26. கட்டுகள் திறக்கப்பட்டது 1947 ஜூலை 26. 1947க்கு முன் எழுதப்பட்ட லிங்கன் நூல்களை வாசிக்கும்போது இந்தத் தேதியை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

எந்தக் கடிதத்தில் தொடங்குவது

புகழ்பெற்ற மேற்கோள்களில் தொடங்க வேண்டாம். தொழில் கடிதங்களில் தொடங்குங்கள். 1839 டிசம்பர் 23ஆம் தேதி, காங்கிரஸ் உறுப்பினராகி வாஷிங்டன் போய்விட்ட கூட்டாளி ஸ்டூவர்ட்டுக்கு லிங்கன் எழுதியது என்னைப் பொறுத்தவரை மிகச் சிறந்த பாடம். அரசியல் செய்தியை வேறொருவர் எழுதுவார், நான் சில்லறைத் தொழில் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். 80 டாலர் வந்து சேரவில்லை என்று வட கிழக்குக்காரன் ஒருவன் போகுமிடமெல்லாம் வந்து நிற்கிறான். அவனைப் பற்றிய வர்ணனையில் நல்ல வசைச்சொல் ஒன்று உண்டு. சவுத் ஃபோர்க் பக்கத்துக் கிழவர் ஒருவர், உங்களிடம் கொடுத்து வைத்த பத்திரங்கள் எங்கே என்று நச்சரிக்கிறார்; தேடினால் கிடைக்கவில்லை. சீனியர் ஊரில் இல்லாதபோது அலுவலகத்தைத் தனியாகச் சுமக்கும் ஜூனியரின் அலுப்பு வரிக்கு வரி தெரிகிறது. சட்டமன்றமும் அப்போது கூடியிருந்தது. மாநில வங்கியின் சாசனம் பறிபோனதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். வக்கீலும் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே தாளில் எழுதுகிறார்கள்.

அடுத்து 1850 ஜூன் 27ஆம் தேதிக் கடிதம், சக வக்கீல் ரிச்சர்ட் தாமஸுக்கு. பதில் தாமதமானதற்கு வெட்கப்படுகிறேன் என்கிறார். முதல் காரணம், மத்திய நீதிமன்றத்தில் வேலை அதிகம். இரண்டாவது காரணம், உங்கள் கடிதத்தைப் பழைய தொப்பிக்குள் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையது ஓரமாகப் போயிற்று, கடிதமும் கூடவே போயிற்று. உயரமான அந்தத் தொப்பிதான் அவருடைய நடமாடும் அலுவலகம் என்பதைக் கூட்டாளி ஹெர்ன்டனும் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் ஒரு காகிதக் கட்டு இருந்ததாம், அதன் மேல் லிங்கனின் கையால், ‘வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார்’ என்று எழுதியிருந்ததாம்.

இதே மனிதர், வக்கீல் தொழிலுக்கு வருபவர்களுக்கென எழுதிவைத்த குறிப்புகளில், கடிதப் போக்குவரத்தைத் தேங்கவிடாதே என்று அறிவுரை சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். தன்னிடம் எது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுரைக்கு எடை வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தாளின் மேல் என்ன பார்க்க வேண்டும்

கடிதத்தின் உள்ளடக்கத்துக்குப் போகுமுன் தாளைப் பாருங்கள். மேலே ஊரும் தேதியும். அடுத்து, ‘உங்கள் 16ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது’ என்பது போன்ற ஒரு தொடக்கம். ‘இன்ஸ்ட்.’ என்ற சுருக்கம் இருந்தால் இந்த மாதம், ‘அல்ட்.’ என்றால் போன மாதம். இந்த ஒரு வரியைக் கொண்டு, காணாமல்போன எதிர்க் கடிதத்தின் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். அனுப்பிய நாளுக்கும் பதில் எழுதிய நாளுக்கும் இடையிலான இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். குவின்சிக் கடிதத்தில் ஐந்து நாள்.

1845 வரை அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது. 30 மைலுக்குள் 6 சென்ட். 400 மைலைத் தாண்டினால் 25 சென்ட், அதுவும் ஒவ்வொரு தாளுக்கும். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் பணம் கட்டுவார். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் கடிதத்தையே மடித்து, ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதினார்கள். எனவே அந்தக் காலத்துக் கடிதங்களில் ஓரங்களிலும் எழுத்து நெருக்கியடித்து இருந்தால் காரணம் புரியும். 1845இல் 300 மைல் வரை 5 சென்ட் என்று எடைக் கணக்கு வந்தது. 1847இல் முதல் அஞ்சல்தலைகள். 1851இல் முன்கூட்டிக் கட்டினால் 3 சென்ட். போஸ்ட்மாஸ்டர்களுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் இலவச அஞ்சல் சலுகை இருந்தது. நியூ சேலத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தபோது லிங்கன் ஒரு நண்பரின் கடிதத்தில் தன் பெயரை எழுதி இலவசமாக அனுப்பிவைத்திருக்கிறார். அது விதிக்குப் புறம்பானது. அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

கையெழுத்தையும் கவனியுங்கள். கட்சிக்காரர்களுக்கு ‘ஏ. லிங்கன்’. 1842இல் உயிர் நண்பர் ஜோசுவா ஸ்பீடுக்கு வெறும் ‘லிங்கன்’. முழுப் பெயரை அரசாங்க ஆவணங்களுக்குத்தான் வைத்துக்கொண்டார்.

யார் கண்ணுக்காக எழுதியது

ஒவ்வொரு கடிதத்திலும் இதைக் கேளுங்கள்: பெறுபவர் மட்டும் வாசிக்கவா, இன்னொருவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பார் என்று தெரிந்தா?

1842 பிப்ரவரி 25ஆம் தேதி லிங்கன் ஸ்பீடுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். ஸ்பீடு பத்து நாள் முன்புதான் கென்டக்கியில் திருமணம் செய்திருந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் கல்யாணத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவர். லிங்கனும் முந்தைய ஆண்டு மேரி டாடுடனான நிச்சயம் முறிந்த துன்பத்திலிருந்து முழுதாக மீளவில்லை. ஒரு கடிதத்தில், உன் கடிதத்தைக் கடும் பதற்றத்தோடும் அச்சத்தோடும் பிரித்தேன், எதிர்பார்த்ததைவிட நல்ல செய்தியாக இருந்தும் பத்து மணி நேரம் ஆகியும் இன்னும் மனம் அமைதியடையவில்லை என்று எழுதுகிறார். கடைசியில் சொல்கிறார்: இன்னொரு கடிதமும் எழுதுகிறேன், அதை உன் மனைவிக்குக் காட்டலாம், என்னிடமிருந்து கடிதமே வரவில்லை என்றாலும், வந்ததைக் காட்ட மறுத்தாலும், அவர் வித்தியாசமாக நினைப்பார்.

அந்த இரண்டாவது கடிதம் தனியாகக் கிடைத்திருந்தால் நாம் அதைச் சாதாரண வாழ்த்து மடல் என்றே எடுத்துக்கொண்டிருப்போம். இரண்டும் பிழைத்திருப்பதால், ஒரே நாளில் ஒரே நண்பனுக்கு ஒரு மனிதர் இரண்டு குரலில் எழுதக்கூடும் என்று தெரிகிறது. ஒற்றைக் கடிதத்தைக் கொண்டு ஒருவரின் மனத்தை அளக்கத் தோன்றும்போதெல்லாம் இந்த ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே காட்சி, இரண்டு கடிதங்கள்

பொறுமையாக உட்கார வேண்டிய இடம் இது. 1841இல் கென்டக்கியில் ஸ்பீடு குடும்பத்தாரோடு தங்கிவிட்டு லிங்கன் நீராவிப் படகில் ஊர் திரும்பினார். செப்டம்பர் 27ஆம் தேதி ஸ்பீடின் சகோதரி மேரி ஸ்பீடுக்கு எழுதினார். படகில் ஒருவர் பன்னிரண்டு அடிமைகளை வாங்கித் தெற்கே கொண்டு போகிறார். ஆறு ஆறு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் சிறு இரும்பு வளையம், அதிலிருந்து குட்டைச் சங்கிலி, அது பெரிய சங்கிலியோடு சேர்கிறது. தூண்டில் கயிற்றில் வரிசையாகக் கோத்த மீன்களைப் போல என்று எழுதுகிறார். பிறந்த இடத்தையும் பெற்றோரையும் மனைவி மக்களையும் பிரிந்து போகிறவர்கள் என்றும் சொல்கிறார். ஆனால் அவர் அதிலிருந்து எடுக்கும் முடிவு நம்மைத் திடுக்கிட வைக்கிறது: படகிலேயே மகிழ்ச்சியாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், ஒருவன் ஓயாமல் பிடில் வாசித்தான், எந்த நிலையிலும் மனிதன் சந்தோஷப்பட இடம் இருக்கிறது. அந்தப் பிடில்காரன் விற்கப்பட்டதற்குக் காரணம், மனைவி மீது அளவுமீறிய பிரியம் வைத்திருந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1855 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஜோசுவா ஸ்பீடுக்கு எழுதும்போது அதே படகை நினைவூட்டுகிறார். பத்துப் பன்னிரண்டு அடிமைகள் இரும்புச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள், அந்தக் காட்சி எனக்குத் தீராத வேதனை, ஓஹையோ ஆற்றையோ வேறு அடிமை மாநில எல்லையையோ தொடும்போதெல்லாம் அதைப் போல ஒன்றைக் காண்கிறேன் என்கிறார். பிடில் இல்லை, சந்தோஷம் இல்லை.

இடையில் 1854இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்து, புதிய பகுதிகளுக்கு அடிமை முறை பரவ வழி திறந்திருந்தது. பெறுபவரும் வேறு: முதலாவது, விருந்தோம்பிய வீட்டுப் பெண்ணுக்கு எழுதிய உபசாரக் கடிதம், இரண்டாவது, அடிமைகளை வைத்திருக்கும் நண்பனோடு அரசியல் வாதம். அவர் மனம் மாறியதா, அன்றே இருந்த வேதனையை மறைத்தாரா? என் கருத்து: இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மணிக்கட்டு வளையம் வரைக்கும் கவனித்த கண் அலட்சியமான கண்ணாக இருக்கமுடியாது. ஆனாலும் 1841 கடிதத்தின் முடிவை மழுப்பிவிடாமல் உள்ளபடி எடுத்துக்கொள்ள வேண்டும். 1855ஐ மட்டும் காட்டும் கட்டுரைகளை நம்பாதீர்கள். 1841ஐ மட்டும் காட்டுபவற்றையும்தான்.

தேதியை நம்புவதற்கு முன்

பதிப்புகளில் தேதி சதுர அடைப்புக்குள் இருந்தால் அது பதிப்பாசிரியரின் ஊகம். மாற்றாந்தாய் மகன் ஜான் ஜான்ஸ்டன் 80 டாலர் கேட்டதற்கு லிங்கன் எழுதிய பதில் நல்ல எடுத்துக்காட்டு. நீ சோம்பேறி அல்ல, ஆனாலும் வேலை செய்யாதவன் என்று கறாராகப் பேசுகிறார். பணம் தரமாட்டேன், வருகிற மே முதல் தேதி வரை நீ உழைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நான் ஒரு டாலர் சேர்த்துத் தருவேன், மாதம் பத்து டாலருக்கு வேலைக்குப் போனால் கையில் இருபது. எழுபது எண்பது டாலருக்காகச் சொர்க்கத்தில் என் இடத்தையே கொடுத்துவிடுவேன் என்கிறாயே, அப்படியானால் அந்த இடத்தை மிக மலிவாக மதிப்பிடுகிறாய் என்று மடக்குகிறார். பழைய பதிப்புகள் இதை 1851 என்றன. பேஸ்லர் 1848 டிசம்பரில் வைத்தார். வேறுபாடு சிறிதல்ல. 1851 ஜனவரியில் தந்தை மரணப் படுக்கையில் இருந்தார். அந்த மாதம் 12ஆம் தேதி ஜான்ஸ்டனுக்கு எழுதும்போது, நாங்கள் இப்போது சந்தித்தால் மகிழ்ச்சியைவிட வலியே அதிகமாக இருக்குமோ என்கிறார். ஐந்து நாளில் தந்தை இறந்தார். பணக் கடிதம் இதற்குப் பத்து நாள் முன்பு எழுதியதா, இரண்டு ஆண்டு முன்பு எழுதியதா என்பதைப் பொறுத்து மகனைப் பற்றிய நம் மதிப்பீடே மாறும்.

மறுபக்கத்தின் குரல்

கடிதங்கள் பெற்றவரிடம்தான் தங்கும். எனவே நமக்குக் கிடைப்பது பல நேரம் பாதி உரையாடல். திருமணம் செய்துகொள்வதாகப் பேச்சு இருந்த மேரி ஓவன்ஸ் என்ற பெண்ணுக்கு லிங்கன் 1836, 1837இல் எழுதிய மூன்று கடிதங்கள் உள்ளன. ஸ்பிரிங்ஃபீல்டில் இவ்வளவு தனிமையை எங்கும் உணர்ந்ததில்லை என்று சொல்லும் கடிதம் அதில் ஒன்று. அந்தப் பெண் என்ன பதில் எழுதினார் என்பதைக் காட்டும் தாள் இல்லை. ஆனால் லிங்கன் இறந்தபின் ஹெர்ன்டன் கேட்டபோது, ஒரு பெண்ணின் மகிழ்ச்சிச் சங்கிலியைக் கோக்கும் சின்னச் சின்னக் கண்ணிகள் அவரிடம் குறைவாக இருந்தன என்று பதில் அனுப்பினார். அதையும் சேர்த்து வாசிக்காமல் 1838இல் லிங்கன் நண்பரின் மனைவி திருமதி பிரவுனிங்குக்கு அந்தப் பெண்ணைக் கேலி செய்து எழுதியதை வாசிக்காதீர்கள், அநியாயம் செய்வீர்கள். நீதி வட்டாரத்து வாழ்க்கைக்கு, அதன் நீதிபதி டேவிட் டேவிஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் துணை.

போலிகள்

லிங்கன் பெயரில் போலிக் கடிதங்கள் நிறையப் புழங்கியிருக்கின்றன. 1928இல் ஓர் மதிப்புமிக்க அமெரிக்க மாத இதழ், இளமைக் காதலி ஆன் ரட்லெஜோடு லிங்கன் பரிமாறியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. மாட்டிவிட்டது ஒரு எண். ஒரு கடிதத்தில் லிங்கன் நில எல்லை பற்றி எழுதும்போது ‘40ஆம் செக்ஷன்’ என்கிறார். அமெரிக்க அரசு நில அளவையில் டவுன்ஷிப் என்ற ஒரு நிலத் தொகுதிக்கு 36 செக்ஷன்கள் (எண்ணிட்ட பகுதிகள்) தான். நில அளவையாளராக இருந்தவர் அப்படி எழுதவே மாட்டார். இன்னொரு சறுக்கல்: 1830களிலேயே ஒரு குடும்பம் கான்சாஸுக்குக் குடிபோகிறது. அங்கே குடியேற்றம் திறந்தது 1854இல். புதிதாக ஒரு ‘லிங்கன் கடிதம்’ கண்ணில் பட்டால் நடை அழகைப் பார்த்து மயங்காமல் ஊர், நிலம், பணம், தபால் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். முதலில் பேஸ்லர் பெயரடைவில் தேடுங்கள்.

மூலப் பிரதிக்குப் போக

அச்சுப் பதிப்பில் கொஞ்சம் பழகியபின், ஏற்கெனவே வாசித்த ஒரு கடிதத்தின் மின்படத்தைத் திறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். லிங்கனின் கையெழுத்து தெளிவானது; இரண்டு மூன்று கடிதங்களில் கண் பழகிவிடும். வந்த கடிதங்கள்தான் சோதனை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கிறுக்கல். காங்கிரஸ் நூலகம் 2018இல் பொதுமக்களைக் கொண்டு கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது முதல் தொகுப்புகளில் ஒன்றாக வைத்தது லிங்கனுக்கு வந்த கடிதங்களைத்தான். அத்திட்டத்தில் இப்போதும் வேறு பல தொகுப்புகளுக்கு யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம்: ஒருவர் படியெடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு அப்படியே எழுத வேண்டும். லிங்கனே ‘மன்னிப்பு’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போடுகிறவர். அந்தத் தொப்பிக் கடிதத்திலேயே அது இருக்கிறது. திருத்திவிடாதீர்கள்.